விதைப்பதற்கு முன் ஒரு சோதனை

(பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்களுக்கான ஒருநாள் பயிற்சியில் அரசு மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிறகு வரும் உரை. நீளமாகப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். இன்று சோதிக்கப்போவது விதைகளை மட்டும்தான்.

மேசையில் கிண்ணங்கள் இருக்கின்றன. நாவல், இலந்தை, நெல்லி, புளி, விளா. நாவல் மட்டும் இரண்டு கிண்ணம். ஒன்று நேற்று மாலை பழத்திலிருந்து எடுத்தது. மற்றொன்று பல வாரங்கள் வெயிலில் காய்ந்து, இன்று காலை தண்ணீரில் ஊறியது. கையில் எடுத்துப் பாருங்கள். எது உயிருள்ளது, எது இறந்தது என்று பார்த்தே சொல்ல முடிகிறதா? ஊறியபின் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இறந்த விதையை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்தால்தான் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஏன் சோதிக்க வேண்டும்?

நான் இப்போதைய பள்ளிக்கு மாறுதலில் வந்தபோது, பள்ளியின் பின்பக்கச் சுவர் ஓரமாக நாற்றுப் பைகள் வரிசையாக இருந்தன. புரட்டாசியில் ஒரு மூட்டை நாவல் விதை வந்ததாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பை, பைக்கு இரண்டு விதை. பையில் அவரவர் பெயர். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தினமும் மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீரைக்கூட வீணாக்காமல் தன் பைக்கு ஊற்றுவாள். நாற்பது நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் என்னிடம் வந்து, "என் கைக்கு ராசி இல்லையாம் டீச்சர், அம்மா சொன்னாங்க. என் பையை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள்.

மூட்டையின் அடியில் மீதி விதைகள் கிடந்தன. இருபது விதைகளை எடுத்து வகுப்பிலேயே வெட்டினேன். இருபதும் உள்ளே பழுப்பேறி, விரலால் நசுக்கினால் பொடியானது. "உன் கை ஒண்ணும் செய்யலம்மா. மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடியே இது செத்துப் போச்சு" என்றேன். உடனே அவள் கேட்டாள்: "அதை முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இல்லையா டீச்சர்?"

வழி இருக்கிறது. கத்தி, ஈரமணல், நோட்டுப் புத்தகம் மூன்றும் போதும்.

விவசாயி கடையில் வாங்கும் நெல் விதைப் பையைப் பாருங்கள். முளைப்புத் திறன் இத்தனை சதவீதம் என்று அட்டை கட்டியிருக்கும். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும். விதைக்கு இப்படிக் கணக்குக் கேட்பதற்கு 1966ஆம் ஆண்டிலேயே விதைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாம் பிள்ளைகள் கையில் கொடுக்கும் மர விதைக்கு எந்த அட்டையும் இல்லை. விதை முளைக்காவிட்டால் பழி மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும். கடைசியில் பிள்ளையின் கைக்குப் போகும்.

காய்ந்தால் வாழும் விதை, காய்ந்தால் சாகும் விதை

"விதை என்றால் நன்றாகக் காய வேண்டும்" என்பது நம் ரத்தத்தில் ஊறிய பாடம். நெல், கேழ்வரகு, துவரை, உளுந்து எல்லாமே காயவைத்துச் சேமிப்பவை. வெயிலில் போடுவோம், சாம்பல் கலப்போம், செம்மண் பூசுவோம். அந்தப் பயிர்களுக்கு இது சரியான முறை. அதே முறையை நாவலுக்குச் செய்தால் அது இறந்துவிடும்.

1973ஆம் ஆண்டு ராபர்ட்ஸ் என்ற விதை அறிவியலாளர் விதைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். உலர்வைத் தாங்கும் விதைகள் ஒரு வகை, உலர்வைத் தாங்காத விதைகள் மற்றொரு வகை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விதைகளும் உண்டு என்பது 1990இல் தெளிவானது.

உலர்வைத் தாங்கும் விதை, மரத்தில் இருக்கும்போதே தன் ஈரத்தைப் பெருமளவு இழந்து, உள்ளே நடக்கும் வேலைகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டு உறங்கப் போகிறது. புளியும் இலந்தையும் இந்த வகை. இவற்றின் ஈரத்தையும் சூட்டையும் குறைத்தால் ஆயுள் நீளும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று விதைக் கிடங்குகளில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் 1960களில் சில பேரீச்ச விதைகள் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டு பழைமையானவை. அவற்றில் ஒன்று 2005இல் முளைத்தது. பாலைவன வறட்சிதான் அதைக் காப்பாற்றியது.

உலர்வைத் தாங்காத விதையின் கதை வேறு. நாவல், பலா, மா, இலுப்பை எல்லாம் இந்த வகை. பழத்திலிருந்து விழும்போதே நிறைய ஈரத்தோடு, சுவாசித்துக்கொண்டு, முளைக்கத் தயாராக விழுகின்றன. பலாப்பழத்துக்குள்ளேயே கொட்டை முளைவிட்டிருப்பதை நம் வீட்டிலேயே பார்த்திருப்போம். அப்படிப்பட்ட விதையைக் காயவைத்தால் செல்லின் சவ்வுகள் சிதைந்துவிடும். மீண்டும் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உயிர் திரும்பாது. ஊறும், உப்பும், பிறகு அழுகும்.

இன்னொரு தகவலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் "நாட்டுப் பழம்" என்று கொண்டுவருவதெல்லாம் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. கொடுக்காப்புளியும் சீத்தாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் நெடுங்காலமாக நம்மோடு வாழ்ந்து வீட்டு மரமாகிவிட்டது. நாவல், இலந்தை, நெல்லி, விளா, பாலை, இலுப்பை, களா போன்றவை இந்த நிலத்துக்கே உரியவை. சாலை அகலமாகும்போதும் ஏரிக்கரை சுருங்கும்போதும் முதலில் காணாமல் போவது இவைதான். இவற்றின் விதை கிடைப்பதே அரிது. கிடைத்ததை உயிரோடு விதைக்க வேண்டும் என்பது அதனால் இன்னும் முக்கியமாகிறது.

பள்ளி நாட்காட்டியும் விதையின் நாட்காட்டியும்

நாவல் எப்போது பழுக்கிறது? ஆனி, ஆடியில். பள்ளி திறந்த சில வாரங்களில் பிள்ளைகளின் நாக்கெல்லாம் ஊதா நிறமாக இருக்கும். இலுப்பைப் பழமும் அதே பருவத்தில்தான் விழுகிறது. நாம் மரம் நடும் விழா வைப்பது எப்போது? வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில். அதனால் "இப்போது சேகரித்து வைப்போம், மழைக்கு விதைப்போம்" என்கிறோம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று மாதம் நாவலால் தாங்க முடியாது. அறையில் சும்மா போட்டு வைத்தாலே சில வாரங்களில் அதன் உயிர் போய்விடும்.

ஆகவே நாவல், இலுப்பை, பலா மூன்றையும் சாப்பிட்ட கையோடு, சூட்டோடு சூடாகக் கழுவி நாற்றுப் பையில் போட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் நடும்போது அவை விதையாக இருக்கக் கூடாது, கன்றாக இருக்க வேண்டும். தை, மாசியில் கிடைக்கும் இலந்தையையும், மாசி, பங்குனியில் உதிரும் புளியையும் காயவைத்து, மண்பானையிலோ துணிப்பையிலோ வைத்து, ஆடியில் விதைக்கலாம். அவை காத்திருக்கும்.

விதைப்பந்து செய்யும் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. களிமண்ணில் உருட்டி வெயிலில் காயவைக்கும் பந்துக்குள் நாவலையும் இலுப்பையையும் வைக்காதீர்கள். பந்து காயும்போது உள்ளே இருக்கும் விதையும் காய்கிறது. உலர்வைத் தாங்கும் விதைகளை மட்டும் வையுங்கள். வீசுவதற்கு முன் இருபது பந்துகளை ஈரமணலில் வைத்துப் பாருங்கள். எத்தனை முளைக்கிறது என்று தெரிந்த பிறகு வீசலாம்.

பள்ளியில் செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

முதலில் மாதிரி எடுக்கும் முறை. மூட்டையின் மேலே இருக்கும் நல்ல விதைகளையே கை தேடிப் போகும். அது கூடாது. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, கலந்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணி எடுக்க வேண்டும். சிறு பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள்.

முதல் சோதனை மிதவைச் சோதனை. வாளித் தண்ணீரில் விதையைப் போட்டால் பூச்சி தின்ற விதையும் பொக்கும் மிதக்கும். நிறைந்த விதை மூழ்கும். நெல்லிக்கு இது நன்றாக ஒத்துவரும். நெல்லிக்கொட்டையை வெயிலில் வைத்தால் அதுவே வெடிக்கும். மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு சிறு விதைகள் இருக்கும். அவற்றைத் தண்ணீரில் போட்டு மூழ்கியவற்றை எடுத்துக்கொள்ளலாம். இலந்தைக் கொட்டைக்குள் காற்றிடம் இருப்பதால் சாதாரணத் தண்ணீர் போதாது. நாற்றங்கால்களில் 17, 18 சதவீத உப்புக் கரைசலில் போட்டு, மூழ்குவதை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி விதைப்பார்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மிதவைச் சோதனை பொக்கைப் பிரிக்கும், அவ்வளவுதான். காய்ந்து இறந்து, பிறகு ஊறிய நாவல் விதையும் மூழ்கத்தான் செய்யும். மூழ்கியதெல்லாம் உயிருள்ளது என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது வெட்டுச் சோதனை. இருபது அல்லது இருபத்தைந்து விதைகளை நீளவாக்கில் வெட்ட வேண்டும். உள்ளே பருப்பு கெட்டியாக, ஈரத்தோடு, தன் இயல்பான நிறத்தில் ஓட்டை நிறைத்துக்கொண்டு இருந்தால் நல்லது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது, கெட்ட எண்ணெய் நாற்றம் வருவது, உள்ளே புழு இருப்பது எல்லாம் கழிவு. இதோ, நேற்று எடுத்த நாவலை வெட்டுகிறேன். பசுமையும் ஈரமும் தெரிகிறதா? காய்ந்து ஊறியதையும் வெட்டுகிறேன். பழுப்பு. நகத்தால் கீறினாலே உதிர்கிறது. வெளியே ஒன்றுபோல இருந்தவைதான் இவை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். தொடக்கப் பள்ளியில் வெட்டுவது ஆசிரியராகவே இருக்கட்டும். பிள்ளைகள் பார்த்துப் பிரித்து, படம் வரையட்டும். இலந்தை ஓட்டைத் துணிக்குள் சுற்றி மெதுவாகத் தட்டினால் விரலுக்கும் பருப்புக்கும் அடி படாது.

மூன்றாவது முளைப்புச் சோதனை. இதுதான் கடைசித் தீர்ப்பு. ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி எடுக்கிறோம். வீட்டு விதை எந்த அளவுக்கு முளைக்கிறது என்று விதைப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளும் வழி அது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அங்கிருந்தே தொடங்கலாம். நெல்லி போன்ற சிறு விதைக்கு ஈரத்துணிச் சுருள் போதும். நாவல், புளி போன்ற பெரிய விதைக்கு மணல்தான் நல்லது. மணலைக் கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்தால் பூஞ்சைத் தொல்லை குறையும். ஈரம் எவ்வளவு? ஒரு பிடி மணலை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பழைய தட்டிலோ அடியில் துளையிட்ட பெட்டியிலோ மணலைப் பரப்பி, விதைகளை வரிசையாக எண்ணி வைத்து, மெல்லிய அடுக்கு மணலால் மூடி, நிழலில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாணவர் பார்த்து எழுத வேண்டும்.

எதை முளைத்ததாகக் கணக்கில் எடுப்பது? தோல் வெடித்தால் மட்டும் போதாது. வேரும் வர வேண்டும், தண்டும் வர வேண்டும், இரண்டும் ஊனமில்லாமல் இருக்க வேண்டும். மரமாகக்கூடிய நாற்றைத்தான் எண்ண வேண்டும்.

நாவலில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு குழு தன் முடிவை, "நூற்றுக்கு நூற்றிருபது டீச்சர்" என்று வாசித்தது. வகுப்பே சிரித்தது. ஆனால் பையன்கள் பொய் சொல்லவில்லை. நாவலின் ஒரே விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கலாம். ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகூட வரும். அவர்கள் விதையை எண்ணாமல் கன்றை எண்ணியிருக்கிறார்கள். சதவீதம் என்றால் எதில் எத்தனை என்ற கேள்வியை அன்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

உறங்குவதும் இறந்ததும் ஒன்றல்ல

சோதனை முடியும் நாளில் முளைக்காத விதைகளைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். பாடத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. அவற்றை வெட்டிப் பாருங்கள். அழுகியிருந்தால் அது இறந்தது. கெட்டியாக, புதிதுபோல இருந்தால் அது உறங்குகிறது.

புளிய விதையின் தோல் கடினமானது. தண்ணீர் உள்ளே போகாமல் நாட்கணக்கில் அப்படியே கிடக்கும் விதைகள் இருக்கும். நகவெட்டியால் ஓர் ஓரத்தில் தோலை மட்டும் லேசாகக் கிள்ளி, அல்லது உப்புத்தாளில் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்தால் ஊதிப் பெருகி முளைக்கும். இலந்தைக்கு ஓடு ஒரு பூட்டு. ஓட்டோடு விதைத்தால் மூன்று நான்கு வாரம் எடுக்கும். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து விதைத்தால் ஒரு வாரத்தில் முளை தெரியும். ஒரே மரத்தின் விதையை இரண்டு தட்டில் இப்படி வைத்துப் பாருங்கள். மாறியாக ஒரே ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் மாறாமல் வைப்பது என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நன்றாக விளக்க முடியாது.

பனையை மறக்க வேண்டாம். நம் மாநில மரம். பனங்கொட்டையைப் புதைத்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மேலே ஒன்றும் தெரியாது. முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். பொங்கலுக்கு நாம் வேகவைத்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். மேலே இலை தெரியவில்லை என்பதால் முளைக்கவில்லை என்று எழுதிய பிள்ளையை ஒரு கொட்டையைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனவே பதிவேட்டில் இரண்டு பத்திகள் போதாது. முளைத்தவை, உறங்குபவை, இறந்தவை என்று மூன்று பத்திகள் வேண்டும். மூன்றையும் கூட்டினால் தொடக்கத்தில் வைத்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் எலியோ அணிலோ தின்றிருக்கும். அதையும் எழுத வேண்டும்.

கணக்கு வகுப்புக்கு

எத்தனை விதை வைத்தால் முடிவை நம்பலாம்? 1924இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கத்தின் விதிப்படி, முளைப்புச் சோதனைக்கு 400 விதை வேண்டும். நூறு நூறாகப் பிரித்து வைப்பார்கள். அரிய மர விதையில் நமக்கு அவ்வளவு கிடைக்காது. இருபத்தைந்து விதை கொண்ட நான்கு தட்டுகள் போதும். பத்து விதையை மட்டும் வைத்தால் ஒரே ஒரு விதை கூடினாலும் குறைந்தாலும் முடிவு 10 சதவீதம் ஆடும். நூறு வைத்தால் 1 சதவீதம்தான் ஆடும். நான்கு தட்டில் 17, 14, 19, 15 என்று முளைத்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 65. அதாவது 65 சதவீதம். ஒரே விதை, ஒரே மணல், ஏன் நான்கு விடை? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நல்ல விவாதம் நடக்கும்.

இனி பயன்பாடு. பள்ளிக்கு 120 கன்று வேண்டும். முளைப்பு 65 சதவீதம். எத்தனை விதை போட வேண்டும்? 120ஐ 65ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 185 வரும். கன்றாகும்போது சில போகும் என்று 200 போடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஆசிரியர் துணையோடு இதைச் செய்துவிடுவார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு இருக்கிறது. முளைப்பு 60 சதவீதம் என்றால் ஒரு விதை ஏமாற்றும் வாய்ப்பு 0.4. பைக்கு இரண்டு விதை போட்டால் இரண்டுமே ஏமாற்றும் வாய்ப்பு 0.4 பெருக்கல் 0.4, அதாவது 0.16. நூறு பையில் ஏறத்தாழ 84 பையில் ஒரு கன்றாவது வரும். மூன்று விதை போட்டால் சுமார் 94 பை. நாணயமும் பகடையும் சொல்லாத ஒன்றை இந்தக் கணக்கு சொல்கிறது. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஆறு பிள்ளைகளின் பை வெறுமையாகத்தான் இருக்கும். அதற்கும் அந்தப் பிள்ளைகளின் கைக்கும் தொடர்பில்லை. அந்த ஆறு பைக்காக முன்கூட்டியே பத்துக் கன்று அதிகமாக வளர்த்து வைப்பது ஆசிரியரின் வேலை.

மேல்நிலை வகுப்புக்கு ஒரு செய்தி

சில மர விதைகள் முளைக்க மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் உயிரைக் காண ஒரு வேதியியல் வழி இருக்கிறது. 1940களில் ஜெர்மனியின் ஹோகன்ஹைமில் கியோர்க் லாகோன் உருவாக்கிய டெட்ரசோலியம் சோதனை. விதையை ஊறவைத்து, கருவும் தெரியும்படி நீளவாக்கில் வெட்டி, நிறமற்ற டெட்ரசோலியம் உப்பின் நீர்த்த கரைசலில் இருட்டில் வைப்பார்கள். உயிருள்ள செல் சுவாசிக்கிறது. சுவாசத்தின்போது நொதிகள் விடுவிக்கும் ஹைட்ரஜன் அந்த உப்பை ஒடுக்கி, ஃபார்மசான் என்ற சிவப்புப் பொருளாக மாற்றுகிறது. உயிருள்ள இடம் சிவக்கும். இறந்த இடம் நிறமில்லாமல் இருக்கும். உறங்கும் விதையும் சிவக்கும் என்பதால் உறக்கத்தையும் இறப்பையும் இது பிரித்துக் காட்டும்.

பருப்பு முழுவதும் சிவந்து, வேராகப் போகும் சிறு நுனி மட்டும் வெளுத்திருந்தால் அந்த விதை முளைக்காது. எவ்வளவு சிவந்தது என்பதோடு எங்கே சிவந்தது என்றும் பார்க்க வேண்டும். தாவரவியலில் சுவாசமும், வேதியியலில் ஆக்சிஜனேற்ற ஒடுக்கமும் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரே விதையில் சந்திக்கலாம். பள்ளியில் அந்த வேதிப்பொருளை வாங்கிச் செய்ய வேண்டாம். அருகில் விதைப் பரிசோதனை நிலையமோ வேளாண் கல்லூரியோ இருந்தால் அனுமதி பெற்று மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கொண்டுசெல்ல வேண்டியது

இன்று ஊருக்குத் திரும்பும் வழியில் நாவல் கூடை கண்ணில் படும். வாங்கிக்கொள்ளுங்கள். நாளை வகுப்பில் பிள்ளைகளோடு தின்றுவிட்டு, கொட்டையைக் கழுவி, பாதியை மணலில் வையுங்கள். மீதியை ஜன்னல் ஓரத்தில் காயவையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை காய்ந்ததிலிருந்து இருபத்தைந்து எடுத்து மணலில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கை எப்படி இறங்குகிறது என்று பிள்ளைகள் வரைபடம் வரையட்டும். உங்கள் ஊர் நாவல் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது உங்கள் பள்ளியின் சொந்தக் கண்டுபிடிப்பாக இருக்கும். அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கு அந்த ஒரு தாள் போதும்.

அடுத்து, உங்கள் பள்ளியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு விதைப் பொட்டலத்திலும் ஐந்து வரி இருக்கட்டும். மரத்தின் பெயர். அந்த மரம் நிற்கும் இடம். விதை எடுத்த நாள். சோதித்த நாள். நூற்றுக்கு எத்தனை முளைத்தது. பிள்ளைகள் கையெழுத்திலேயே இருக்கட்டும். பக்கத்துப் பள்ளி உங்களுக்கு விதை கொடுத்தாலும் இந்த ஐந்து வரியைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறில்லை. கடையில் விதை நெல் வாங்கும் விவசாயி கேட்கிறாரே, அதுபோலத்தான்.

மேசையில் இருக்கும் விதைகளை ஆளுக்கு இருபத்தைந்து எடுத்துக்கொள்ளலாம். நாவலில் இடப்பக்கக் கிண்ணத்தை மட்டும் எடுங்கள்.